கட்டட ஒப்பந்தம்: கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

வீடு கட்டுவோரும் கட்டிக்கொடுப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு வக்கீலும் ஒரு சிவில் இன்ஜினீயரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

கேள்வி: சிறிய அளவில் வீடு கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர் நான். ஒரு வீட்டை 2022 மார்ச் 10 அன்று முடித்துச் சாவியை ஒப்படைத்தேன். 4,60,000 ரூபாய் பாக்கி. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். 2023 நவம்பர் 14 அன்று 50,000 ரூபாய்க்கு செக் கொடுத்தார், பாஸாகிவிட்டது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. 2025 பிப்ரவரியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று வருஷம் இருக்கிறது என்கிறார் நண்பர். நம்பலாமா?
– வாசகர், சேலம்

நம்ப வேண்டாம். வக்கீல் நோட்டீஸால் வழக்குப் போடும் கெடு ஒரு நாள்கூட நீளாது. மூன்று வருஷமும் நோட்டீஸ் மேல் நோட்டீஸாக அனுப்பிவிட்டு நாலாவது வருஷம் கோர்ட்டுக்குப் போனால் வழக்கு தள்ளுபடிதான். எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிபதி தாமாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டம், 1963, பிரிவு 3. தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடும் வசதி அப்பீலுக்கும் மனுக்களுக்கும் உண்டு. அசல் வழக்குக்குக் கிடையாது.

உங்களைக் காப்பாற்றுவது அந்த செக். பணம் தர வேண்டிய தேதியைப் பேசிக்கொள்ளாமல் செய்துகொடுத்த வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு (காலவரம்புச் சட்டத்தின் ஆர்ட்டிகிள் 18). அந்தக் கணக்கில் உங்கள் கெடு 2025 மார்ச் 10 அன்றே முடிந்திருக்கும். ஆனால் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கடனாளி ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதற்கு அவர் கையெழுத்திட்ட எழுத்தும் இருந்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும் (பிரிவு 19). அவர் கையெழுத்திட்ட செக்கே அந்த எழுத்து. ஆகவே உங்கள் கடைசி நாள் 2026 நவம்பர் 14. நாட்காட்டியைப் பார்த்தால் அது இரண்டாம் சனிக்கிழமை. கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால் மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று பிரிவு 4 இடம் கொடுக்கிறது. அந்தச் சலுகையை நம்பிக் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். செக்கின் நகலையும் அந்த மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இதையே அவர் ஜிபேயில் அனுப்பியிருந்தால் சிக்கல். பணம் வந்ததற்கு ஆதாரம் இருக்கும், அவர் கையெழுத்து இருக்காது. அப்படிப் பணம் வரும்போதெல்லாம், “இன்ன வேலைக்கான பாக்கியில் இன்று இவ்வளவு கொடுத்தேன், மீதி இவ்வளவு” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதித் தொகையில் தகராறு இருந்தால் தொகையை விட்டுவிடலாம். கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருந்தாலே பிரிவு 18க்குப் போதும். “பாக்கி இருக்கிறது, இப்போது தர முடியாது” என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் செல்லும். ஆனால் அது பழைய கெடு முடிவதற்கு முன் எழுதியதாக இருக்க வேண்டும். கெடு முடிந்தபின் கிடைக்கும் ஒப்புதல் சீட்டால் பயனில்லை. அந்தக் கட்டத்தில் “தருகிறேன்” என்ற தெளிவான வாக்குறுதி எழுத்திலும் கையெழுத்திலும் வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 25(3) அதை மட்டுமே ஏற்கிறது.

தமிழ்நாட்டில் பணத் தாவாவுக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 4,10,000க்கு 12,300 ரூபாய். கட்டுமான ஒப்பந்தத் தகராறு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வர இடமுண்டு. அப்படி வந்தால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குகளில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும் (பிரிவு 12-ஏ). அந்தப் படியைத் தாண்டி நேரே தாக்கல் செய்த வழக்குகள் திரும்பியிருக்கின்றன. சமரசத்தில் கழியும் நாட்கள் கெடுவில் சேராது.

2020க்கு முன் முடித்த வேலைக்குப் பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் கழித்தது. முடிந்துவிட்டது என்று கைவிடுமுன் அந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஒப்பந்தத்தில் பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்), ரூஃப், பூச்சு, ஃபினிஷிங் என்று ஐந்து ஸ்டேஜ் பேமென்ட். கடைசி ஸ்டேஜ் முடிந்த நாளிலிருந்துதானே மொத்தப் பாக்கிக்கும் மூன்று வருஷம்?
– வாசகர், ஈரோடு

பல கான்ட்ராக்டர்கள் பணத்தை இழப்பது இங்கேதான். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் பணம் தர வேண்டிய நாளை ஒப்பந்தமே சொல்லிவிட்டால், ஒவ்வொரு தவணையும் தனித் தனிக் கெடு. லிண்டல் தவணை 2022 ஜூனில் வர வேண்டியது, ஃபினிஷிங் தவணை 2023 ஏப்ரலில் வர வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் வழக்குப் போட்டால் ஃபினிஷிங் தவணை உயிரோடு இருக்கும், லிண்டல் தவணை செத்திருக்கும்.

வழி உண்டு. கட்டட உரிமையாளர் எந்தத் தவணைக்கு என்று சொல்லாமல் பொதுவாகப் பணம் கொடுத்தால், எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்ற முடிவு உங்களுடையது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 60 அப்படித்தான் சொல்கிறது. கெடு முடிந்த பாக்கியில்கூட வரவு வைக்கலாம். அதனால் வரும் பணத்தை எப்போதும் மிகப் பழைய தவணையில் வரவு வைத்து, அப்படியே ரசீது எழுதிக் கொடுங்கள். உரிமையாளர் பேங்க் டிரான்ஸ்ஃபரில் “ரூஃப் தவணை” என்று குறிப்பு போட்டிருந்தால் இந்த உரிமை போய்விடும், அவர் சொன்ன கணக்கில்தான் வைக்க வேண்டும். இதைப் படிக்கும் உரிமையாளர்களும் அந்தக் குறிப்பைப் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இறுதி பில் ஒன்று தயாரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, “நிகர பாக்கி இவ்வளவு” என்று முடித்துக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது.

கேள்வி: சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்து வீடு கட்டினோம். குடிவந்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஹாலில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல், மொட்டை மாடியில் ஒழுகல். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் ஐந்து வருஷ கியாரண்டி உண்டாமே? எங்கே புகார் செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

அந்த ஐந்து வருஷம் உங்களுக்கு இல்லை. ரெரா சட்டம் 2016இன் பிரிவு 14(3) சொல்லும் பொறுப்பு, மனையையோ ஃபிளாட்டையோ விற்கும் புரமோட்டர் வாங்கியவருக்குத் தர வேண்டியது. உங்கள் மனை, உங்கள் பிளான், கூலிக்கோ சதுர அடி ரேட்டுக்கோ வேலை செய்த கான்ட்ராக்டர் என்றால் அவர் புரமோட்டர் இல்லை. ஐந்து வருஷம் இருக்கிறதே என்று காத்திருந்து உள்ளதையும் தொலைக்கிறார்கள்.

உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று நுகர்வோர் ஆணையம். வீடு கட்டிக்கொடுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவை என்றே கணக்கில் எடுக்கிறது. கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் (பிரிவு 69). இரண்டு வருஷம் தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்; பிரமாணப் பத்திரத்தோடு தனி மனு போட வேண்டும். குடிவந்தபோது இல்லாமல் பின்னால் வெளியே தெரிந்த குறை என்றால், தெரிந்த தேதிக்கு ஆதாரம் காட்டி அங்கிருந்து கணக்கிடும்படி வாதாடலாம். கான்ட்ராக்டருக்கு “மாடி ஒழுகுகிறது” என்று முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இங்கே மதிப்புள்ள ஆவணம், அழித்துவிடாதீர்கள். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இரண்டாவது வழி சிவில் கோர்ட்: ஒப்பந்த மீறலுக்குக் காலவரம்புச் சட்டத்தின் ஆர்ட்டிகிள் 55, மூன்று வருஷம், 3 சதவீதக் கட்டணம். இரண்டரை வருஷம் ஆன உங்களுக்கு, நுகர்வோர் ஆணையத்தில் தாமத மனு தோற்றாலும் சிவில் வழி மூடிவிடாதபடி மூன்று வருஷத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் தேறுவதும் தோற்பதும். முதலில் விரிசல் எந்த வகை என்று பாருங்கள். பூச்சில் மட்டும் வலை போல் மெல்லிய கோடுகள் என்றால் சிமென்ட் அதிகமான கலவை, போதாத நீராற்றல் (க்யூரிங்). கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வந்தால், அங்கே கோழிவலைக் கம்பி அடிக்காமல் பூசியிருக்கிறார்கள். இவை இரண்டும் குறைகள்தான், ஆனால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது வேறு. லிண்டல் சுவருக்குள் போதிய அளவு ஏறாமல் இருக்கலாம், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கலாம். விரிசல் சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால் இன்ஜினீயரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. அதன் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் பூச்சைச் செதுக்கிச் சுவர் தெரியும்படி செய்து, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து இரு முனையிலும் சிமென்டால் ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஸ்கேலை விரிசலின் மேல் வைத்து மாதம் ஒரு போட்டோ. இரண்டு மூன்று மாதப் பதிவு கையில் இருந்தால், “அது பழைய விரிசல்தான்” என்ற வாதம் எடுபடாது.

நோட்டீஸ் அனுப்பி, வந்து பார்க்கக் கான்ட்ராக்டருக்கு 15 நாள் கொடுங்கள். அதற்குமுன் பழுது பார்த்துவிடாதீர்கள்; பூசி மறைத்தபின் குறை இருந்ததை நிரூபிப்பது மிகக் கடினம். ஒழுகல் தாங்காது, உடனே சரிசெய்தாக வேண்டும் என்றால் முதலில் தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். எந்த இடம், என்ன நீளம், என்ன அகலம், காரணம், சரிசெய்ய ஆகும் செலவு ஆகிய ஐந்தும் அதில் இல்லாவிட்டால் அது வெறும் கடிதம். ஆணையமும் கோர்ட்டும் கேட்டால் ஆய்வுக்குக் கமிஷனரை நியமிக்கும். அந்த மனுவை வழக்கோடு சேர்த்தே போடுங்கள்.

கேள்வி: ஃபிளாட் முன்பதிவு செய்தேன். ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதி 2023 டிசம்பர் 31, மேலும் ஆறு மாத அவகாசம். இன்னும் முடியவில்லை. ரெராவில் பதிவை நீட்டித்துவிட்டோம், இனி உங்கள் தேதியும் அதுதான் என்கிறார் பில்டர். அப்படியா?
– வாசகர், சென்னை

இல்லை. ரெரா ஆணையம் திட்டப் பதிவை நீட்டிப்பது பில்டர் வேலையைத் தொடர்வதற்கான அனுமதி. உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத் தேதி அதனால் மாறாது. ஆறு மாத அவகாசத்தைச் சேர்த்தாலும் 2024 ஜூன் 30 தாண்டியதும் ரெரா சட்டத்தின் பிரிவு 18 உங்கள் கையில். விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இருந்துகொண்டு, ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனை இல்லாதது என்று 2021இல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்பாராத காரணம், தடை உத்தரவு என்றெல்லாம் பில்டர் சொல்வது அந்த உரிமையைத் தடுக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். இரண்டையும் கேட்டுக் குழப்பாதீர்கள். பணம் திரும்ப, வட்டி ஆகியவை ஆணையத்திடம். மன உளைச்சல், வாடகை போன்ற நஷ்டஈடு தீர்ப்பளிக்கும் அலுவலரிடம். ஆணைக்கு எதிராக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 60 நாள். பில்டர் அப்பீல் போனால், உங்களுக்குத் தர உத்தரவான தொகையை வட்டி, நஷ்டஈட்டோடு முன்கூட்டியே கட்டினால்தான் அப்பீல் விசாரணைக்கு வரும் (பிரிவு 43(5)). வெறுமனே அப்பீல் போட்டு இழுத்தடிப்பதைப் பெருமளவு குறைத்தது இந்த ஒரு விதிதான் என்பது எங்கள் கருத்து.

புகாருக்கான கெடுவை ரெரா சட்டம் தனியாகக் குறிப்பிடவில்லை. அதற்காகக் காலம் கடத்த வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட்டுவிடுங்கள். வீடு கைக்கு வந்தபின் ஐந்து வருஷத்துக்குள் ஸ்ட்ரக்சர், வேலைத்தரம் ஆகியவற்றில் குறை தெரிந்தால் எழுத்தில் சொல்லுங்கள், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டியது அவர் பொறுப்பு. இந்த ஐந்து வருஷம் ஒப்படைத்த நாளிலிருந்து ஓடுகிறது. ஒப்படைப்புக் கடிதத்தில் தேதி போடாமல் சாவி வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பத்து மாதத்தில் முடிப்பதாக ஒப்பந்தம். தாமதமானால் நாளுக்கு 1,000 ரூபாய் பிடித்தம் என்றும் இருக்கிறது. 150 நாள் தாமதம். கடைசி பில்லில் ஒன்றரை லட்சத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

முழுசாகப் பிடிக்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அந்த 150 நாளில் உங்களால் ஏற்பட்டது எத்தனை? தவணை தாமதமாகக் கொடுத்தது, டைல்ஸ் தேர்வு செய்ய எடுத்துக்கொண்ட நாட்கள், சமையலறைச் சுவரை இடித்து மாற்றச் சொன்னது எல்லாம் கழிய வேண்டும். 40 நாள் உங்கள் பங்கு என்றால் எஞ்சுவது 110 நாள், 1,10,000 ரூபாய். உங்கள் தாமதத்துக்கு ஈடாக வேலை முடிக்கும் கெடுவை எழுத்தில் நீட்டிக் கொடுக்காமல் விட்டிருந்தால், பழைய தேதியே செல்லாது, நியாயமான காலத்தில் முடித்தால் போதும் என்று கான்ட்ராக்டர் வாதாட வழி பிறக்கும்.

இரண்டாவது, தாமதமாக வேலையை ஏற்றபோது நஷ்டஈடு கேட்பேன் என்று எழுத்தில் சொன்னீர்களா? ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55, காலம் உயிர்நாடியான ஒப்பந்தத்தில் தாமதமான வேலையை ஏற்கும் நேரத்திலேயே இதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. “காலமே இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி” என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். கெடுவை நீட்டவும் தாமதத்துக்குப் பிடிக்கவும் அதே ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தால், காலம் உயிர்நாடி அல்ல என்றே பொதுவாகப் பொருள்படும். 1979இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அப்போது ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். எந்த வகையானாலும் கெடு நீட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் “தாமத நஷ்டஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல்” என்று சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, நாளுக்கு 1,000 என்பது உச்சவரம்பு. பிரிவு 74இன்படி கோர்ட் கொடுப்பது நியாயமான ஈடு; எழுதிய தொகையைத் தாண்டாது, குறையலாம். நஷ்டத்தைக் கணக்குப் போட முடியும் என்றால் காட்ட வேண்டும். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தீர்கள், மாதம் 18,000 ரூபாய் என்றால் அந்த ரசீதுகளே ஆதாரம். 110 நாளுக்கு அது 66,000 ரூபாய்தான் வருகிறது. வீட்டுக்கடனுக்கு அந்த மாதங்களில் கட்டிய வட்டியையும் சேர்த்துக் காட்டுங்கள், பிடித்த தொகைக்குப் பக்கத்தில் வரும். நாளுக்கு 10,000 என்று மிரட்டலாகப் போட்ட ஷரத்துகள் பெரும்பாலும் நிற்பதில்லை.

கேள்வி: அஸ்திவாரம் தோண்டியபோது களிமண் வந்ததால் இன்ஜினீயர் சொல்படி இரண்டு அடி கூடுதலாகத் தோண்டினோம். சதுர அடி ரேட்டில் எல்லாம் அடக்கம் என்று உரிமையாளர் பணம் தர மறுக்கிறார். எழுத்தில் ஆர்டர் இல்லை.
– வாசகர், நாகப்பட்டினம்

சதுர அடி ரேட் எந்த ஆழம் வரை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. “அஸ்திவாரம் 5 அடி ஆழம் வரை, அதற்கு மேல் தனி ரேட்” என்று இருந்தால் கணக்கு எளிது. 12 குழி, ஒவ்வொன்றும் 4 அடிக்கு 4 அடி என்றால் இரண்டு அடி கூடுதலுக்கு 384 கன அடி மண்வேலை. 9 அங்குலத்துக்கு 12 அங்குலத் தூண் என்றால் கூடுதல் கான்கிரீட் 18 கன அடி, அதற்கான கம்பி, ஷட்டரிங் தனி. ஆழம் குறிப்பிடாத ஒப்பந்தத்தில் உங்கள் நிலை பலவீனம்.

எழுத்தில் ஆர்டர் இல்லாததாலேயே பணம் போய்விடாது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல், சட்டப்படி செய்த வேலையின் பலனை ஒருவர் ஏற்று அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70. ஆனால் அந்த வேலை ஒப்பந்தத்துக்குள் அடங்கியது என்று உரிமையாளர் காட்டிவிட்டால் இந்தப் பிரிவு உதவாது. எழுத்தில் ஆர்டர் இல்லாத எக்ஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலும் கஷ்டம்தான்.

மண்ணுக்குள் மறையும் வேலையை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். குழிக்குள் அளவுக்கோலை நிறுத்திப் போட்டோ, எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) குழி எண் வாரியாக நீளம், அகலம், ஆழம், இன்ஜினீயர் கையெழுத்து, உரிமையாளர் கையெழுத்து. அவர் வர மறுத்தால், “நாளை காலை 10 மணிக்கு அளக்கிறோம், பிறகு மூடிவிடுவோம்” என்று முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: “எந்தக் கோரிக்கையும் 30 நாளுக்குள் வராவிட்டால் உரிமை அற்றுப்போகும்” என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. செல்லுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வழக்குப் போடும் காலத்தைச் சுருக்குவதும், குறித்த காலத்துக்குப் பிறகு உரிமையே அழியும் என்பதும் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 28இன்படி செல்லாது. உரிமை அழியும் வகை ஷரத்து முன்பு செல்லுபடியானது, 1997 திருத்தம் அதை மூடியது. ஆறு மாதக் குறை சரிசெய்யும் காலம் என்ற ஷரத்துக்கும் இது பொருந்தும். ஆறு மாதம் வரை கூப்பிட்டதும் வந்து சரிசெய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். ஏழாவது மாதம் தெரிந்த குறைக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அதனால் போவதில்லை. அதற்காக 30 நாள் நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்கள். சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போம் என்ற வாதம் உங்கள் தொகையைக் குறைக்கும்.

கேள்வி: ஹாலோ பிளாக் தயாரித்து கான்ட்ராக்டர்களுக்கு சப்ளை செய்கிறேன். ஆறு மாதமாகப் பணம் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் வழி உண்டா?
– வாசகர், திருப்பூர்

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? சப்ளை ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தால் சிறு, குறு தொழில் சட்டம் 2006 உங்கள் பக்கம். பணம் தர எழுத்தில் எத்தனை நாள் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதம்தோறும் கூட்டு வட்டியாக. சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வசதி கவுன்சிலில் மனு போடுங்கள். அங்கே ஜெயித்தபின் எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பான தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும்.

இந்தச் சலுகை தயாரிப்பவருக்கு. சிமென்ட் வாங்கி விற்கும் டீலருக்கு உத்யம் பதிவு இருந்தாலும் கிடைக்காது. அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கடன் நாள் பேசாமல் இறக்கிய சரக்கென்றால் ஒவ்வொரு லோடுக்கும் இறக்கிய நாளிலிருந்து தனித்தனியாக மூன்று வருஷம்.

கேள்வி: ஒப்பந்தத்தில் ‘தகராறுகளை ஆர்பிட்ரேட்டர் (நடுவர்) தீர்ப்பார், அவரைக் கம்பெனி நியமிக்கும்’ என்று இருக்கிறது. துணை கான்ட்ராக்டரான நான் கோர்ட்டுக்கே போக முடியாதா?
– வாசகர், ஓசூர்

போகலாம். ஆனால் கம்பெனி தன் முதல் பதிலுரைக்கு முன்போ அதோடு சேர்த்தோ ஆட்சேபித்தால், கோர்ட் உங்களை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிவிடும். பதிலுரை போட்டபின் ஆட்சேபித்தால் எடுபடாது. வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, இந்த ஷரத்து இருந்தாலும் அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கம்பெனி தன்னிச்சையாக நியமிக்கும் ஷரத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. நீங்கள் ஒரு பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் சம்மதம் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 11இன் கீழ் மனு போடலாம். அந்தக் கடிதம் இன்னொரு வகையிலும் முக்கியம். “தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்புகிறேன்” என்ற கடிதம் எதிர்த்தரப்பு கையில் கிடைத்த நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதாகக் கணக்கு, உங்கள் மூன்று வருஷக் கெடு அங்கேதான் நிற்கிறது. சாதாரண வக்கீல் நோட்டீஸில் இந்த வாசகம் இல்லாவிட்டால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பி, டெலிவரி அத்தாட்சியைக் கோப்பில் வையுங்கள். ஆர்பிட்ரேட்டரின் தீர்ப்பு பாதகமாக வந்தால் அதை எதிர்க்கக் கையெழுத்திட்ட பிரதி கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் எந்தக் கோர்ட்டும் கருணை காட்ட இடமில்லை. மூன்று மாதம் என்பது நாட்காட்டி மாதம், 90 நாள் அல்ல.

கேள்வி: பில் தொகையில் பிடித்துவைத்த 5 சதவீதத்தை ஒரு வருஷம் கழித்துத் தருவதாகப் பேச்சு. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கெடு எங்கிருந்து?
– வாசகர், கடலூர்

ஒரு வருஷம் முடிந்து பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷம். வேலை முடிந்த நாளிலிருந்து அல்ல. “குறைகள் சரிசெய்யப்பட்டதாக இன்ஜினீயர் சான்று கொடுத்த பின்” என்று ஒப்பந்தம் சொன்னால், சான்று கேட்டு இப்போதே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சான்றைத் தராமல் இழுப்பவர், சான்று இல்லை என்பதையே காரணமாகச் சொல்ல முடியாதபடி அந்த முத்திரை பார்த்துக்கொள்ளும்.